விளமீன் தலை

மீனுக்கும் வலிக்கும் என்று சட்டம் ஒப்புக்கொண்ட பிறகு, தூத்துக்குடியில் ஊசி போட்டு மரத்துப்போன மீனைத்தான் அறுக்கிறார்கள். மீனுக்கு நிம்மதி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சூசையாவுக்குத்தான் அன்று காலை சிறுநீர்ப் பரிசோதனையில் போதை மருந்து தெரிந்தது. கிரேன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

சேதி கேட்டு மனைவி பிலோமி, தன் அம்மாவோடு துறைமுக மருத்துவரிடம் ஓடி வந்தாள்.

"மாத்திரைய விட்டாச்சுன்னு மாதா முன்னால சத்தியம் பண்ணுனீயளே!" என்று கணவனைப் பார்த்து அழுதாள்.

"தொடவே இல்ல பிலோமி. வேல போனாலும் போவட்டும், நீ நம்பு."

மருத்துவர் கேட்டார்: "ராத்திரி என்ன சாப்பாடு?"

"விளமீன் குழம்பு. நானுந்தான் தின்னேன்" என்றாள் பிலோமி. அவளையும் சோதித்தார்கள். ஒன்றுமில்லை. அழுகை கூடியது.

"தலைய யார் தின்னது?" என்றார் மருத்துவர்.

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதென்ன கேள்வி? மாப்பிள்ள இருக்கையில வேற யாருக்கு வைப்பாவ? மூளைய உறிஞ்சிட்டுத்தான் எந்திரிச்சாரு."

மருத்துவர் சிரித்துவிட்டார். "மீனுக்குப் போடுற அந்த ஊசி மருந்து போய் ஒட்டுறதே அதோட மூளையிலதாம்மா. இவருக்குத் துளியூண்டு இறங்கியிருக்கு, ஆபத்தில்ல. இந்த வாரத்துல இவரு நாலாவது மருமகன்."

சாவி திரும்பி வந்தது. பிலோமி மூக்கைச் சிந்திவிட்டுக் கணவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அவள் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

மாமியாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "அப்ப மாப்பிள்ளைக்கு வாலையா வைக்கச் சொல்லுதீய? ஒரு மருவாதி வேண்டாமா?"

"தலைய இனி எனக்கு வைம்மா" என்றாள் பிலோமி. "என்னைய யாரு டெஸ்ட் எடுக்கப் போறா?"

"எடுத்துக்கோ" என்றான் சூசையா, சாவியைச் சட்டைப்பைக்குள் அழுத்தியபடி. "கண்ணையும் சேர்த்து எடுத்துக்கோ."