ஈரக் காலர்

"இதோ பாருங்க, இன்னிக்கும் காலர் ஈரம்! ஒரு சட்டையை ஒழுங்கா இஸ்திரி போடத் தெரியல. கஸ்டமருங்க என்னைக் காறித் துப்பாத குறைதான்!"

தையல்காரம்மா வெள்ளைச் சட்டையைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் தைப்பாள், அவர் இஸ்திரி போடுவார். அந்தக் கடையில் முதலாளி யார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. குரலே சொல்லிவிடும்.

"தண்ணி கொஞ்சம் கூடத் தெளிச்சிட்டேன்மா" என்று தலையைச் சொறிந்தார் அவர்.

"மாசக்கணக்கா இதே பாட்டு!"

அடுத்த சட்டையில் தைத்து முடித்த காலர் பொத்தானின் நூலைப் பல்லால் நறுக்கென்று கடித்து, சட்டையை அவர் பக்கம் வீசினாள். கத்தரிக்கோலைத் தேடுகிற நேரத்தில் இன்னொரு பொத்தான் தைத்துவிடலாம் என்பது அவள் கட்சி. பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். இப்போதெல்லாம் அவளுக்குத் தாகம் அடங்குவதே இல்லை.

அவர் சட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். சட்டென்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பல்லு வலிக்குதும்மா. டாக்டர்கிட்ட தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வாயேன்."

"நல்லாயிருக்கே! தாத்தா ஆகப்போற வயசுல துணைக்கு ஆள் கேக்குதா?"

முணுமுணுத்துக்கொண்டே கடையைப் பூட்டினாள்.

பல் டாக்டர் சின்னப் பெண். அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பார்வைக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் எச்சிலைப் பரிசோதிச்சிடலாம். உள்ளுக்குள்ள ஈறு வீங்கியிருந்தா அதோட அடையாளம் எச்சில்ல கலந்திருக்கும். சர்க்கரை இருந்தா ஈறு கெடும். ஈறு கெட்டா சர்க்கரை ஏறும். ரெண்டும் கூட்டாளிங்க."

எச்சிலைப் பிடிக்க டாக்டர் கொடுத்த சின்னக் குழாயை வாங்கியவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வர மாட்டேங்குதே டாக்டர்."

தையல்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஊரான் சட்டையெல்லாம் நனைக்கத் தெரியுது, இத்துனூண்டு குழாயை நனைக்கத் தெரியலையா? எனக்கு ஒண்ணு குடும்மா, எப்படின்னு காட்டறேன்!"

"உங்களோடதையும் பரிசோதிச்சிடவாம்மா?"

"தாராளமா! எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்."

அவள் குழாயை மூடியதுதான் தாமதம், அவருக்கும் எச்சில் ஊறிவிட்டது.

அடுத்த வாரம் டாக்டர் அவளைத்தான் உட்காரச் சொன்னாள்.

"ஐயாவுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தாம்மா ஈறு வீக்கம் அதிகமாக் காட்டுது. ரத்தத்துல சர்க்கரையும் பாத்துடுங்க."

பார்த்தார்கள். சர்க்கரை இருந்தது. அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, ஆரம்பம்தான். ஈறைச் சுத்தம் பண்ணி, மாத்திரையை ஒழுங்காப் போட்டு, சாப்பாட்டைப் பாத்துக்கிட்டா சமாளிச்சிடலாம். பல்லும் தப்பிச்சிடும். விட்டிருந்தாத்தான் வம்பு."

வீடு திரும்பும்போதுதான் அவளுக்குப் போன உயிர் வந்தது.

"உங்க பல்வலி புண்ணியத்துல நான் பொழச்சேன். ஆமா, இப்ப வலி எப்படி இருக்கு?"

"எந்த வலி?"

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"அப்ப அன்னிக்குச் சொன்னது?"

"உன்னை டாக்டர்கிட்ட கூப்பிட்டா வந்திருப்பியா?"

"என் ஈறு கெட்டது எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் வழக்கம்போலத் தலையைச் சொறிந்தார்.

"நீ நூலைக் கடிச்ச இடத்துல எல்லாம் சின்னதா ரத்தப் பொட்டு இருக்கும். கேட்டா ஊசி குத்தியிருக்கும்ப. கஸ்டமர் கண்ணுல பட்டா உன்னைத்தானே பேசுவாங்க, அதான் காலரை மட்டும் அலசிட்டு இஸ்திரி போடுவேன். என்ன, அது காயறதுக்குள்ள நீ திட்ட ஆரம்பிச்சிடுவ!"