யாரும் தொடாத திரிகை

"மூணு வருசமா இந்த மெசின்ல சுத்துன சாமைதாங்க எங்க ஊரே துன்னுது" என்று கோபால்சாமி சொன்னதும் ரங்கசாமி தலையில் அடித்துக்கொண்டான்.

அது பச்சைப் பொய். அவனைத் தூக்கி நிறுத்துவதற்காகவே சொன்ன பொய்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஆதிநாராயணன். மலைக்குக் கீழே ஏதோ ஒரு இயந்திரக் கம்பெனியின் ஆள். காலையில் திடுதிப்பென்று ஜீப்பில் வந்திறங்கியவர், ரங்கசாமியின் மாமியார் வீட்டெதிரே புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிரித்த முகமாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஜமுனாமரத்தூரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ரங்கசாமி, தேய்ந்த ஜீப் டயரை வெட்டித் திரிகைக் கல்லின் உள்பக்கம் ஒட்டி ஒரு கைத்திரிகை செய்தான். உலக்கை வேண்டாம், தோள்வலி வேண்டாம். சாமையைப் போட்டுச் சுற்றினால் உமி தனியாக வரும், அரிசி நொறுங்காமல் விழும்.

அதற்குப் பேட்டன்ட் கேட்டுப் போன வருஷம், எண்பத்தொன்று தை மாதத்தில் மெட்ராஸ் வக்கீல் ஒருவர் மூலம் மனுவும் போட்டிருந்தான். கிடைத்துவிட்டால் எந்தக் கம்பெனியும் அவனைக் கேட்காமல் அதைச் செய்ய முடியாது. கிடைக்காவிட்டால் ஆதிநாராயணனின் கம்பெனி அடுத்த மாதமே செய்து ஒடுகத்தூர்க் கடைகளில் அடுக்கிவிடும். ரங்கசாமி பஞ்சர் ஒட்டிக்கொண்டே வேடிக்கை பார்க்கலாம்.

வக்கீல் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். மனு போட்ட நாளுக்கு முன்னால் ஊரில் ஒருத்தரும் அதைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த பொருள் என்று எதிராளி நிரூபித்துவிட்டால் பேட்டன்ட் கிடையாது. இதை அவன் மாமியார் வீட்டு வாசலில் நின்று மனைவி பாஞ்சாலையிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

அந்த விஷயத்தில் அவனுக்குக் கவலையே இருந்ததில்லை. மனுவுக்கு வெகுநாள் முன்பே முதல் திரிகையை ஆசையாசையாக மாமியார் வீட்டில் கொண்டுவந்து இறக்கியபோது ஊரே கூடிச் சிரித்தது. சோற்றில் டயர் நாற்றம் அடிக்கும் என்றார்கள். மாமியார் பச்சையம்மா அதை ஆட்டுக்கொட்டகைக்குள் தள்ளிவிட்டாள். அந்த அவமானம் என்றைக்காவது கைகொடுக்கும் என்றுதான் இருந்தான்.

ஆனால் கீழிருந்து ஒருத்தர் ஜீப் ஏறி வந்து நம்ம ரங்கசாமியின் மெசினைப் பற்றி விசாரிக்கிறார் என்றால், ஊர் அவனை விட்டுக்கொடுத்துவிடுமா?

ரங்கசாமி கூட்டத்தின் பின்னாலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சொன்னது போதவில்லை போலும் என்று கோபால்சாமி மூன்று வருஷத்தை நாலாக்கினான். பூங்கோதை ஒருபடி மேலே போனாள். எண்பதாம் வருஷம் வைகாசியில் நடந்த தன் மகள் கல்யாணத்துக்கே இதில் சுற்றிய சாமைதான் என்றாள். பந்தியில் யார் யார் மறுசோறு கேட்டார்கள் என்பது வரை அவளுக்கு ஞாபகம் இருந்தது.

ஆதிநாராயணனுக்குக் கை வலித்திருக்கும். அவ்வளவு எழுதினார்.

குறுக்கே விழுந்து மறுக்கலாம்தான். தன் காரியத்துக்குத் தானே சொல்லும் சாட்சியை யார் நம்புவார்கள்? அதைவிட, பிரியத்தில் பொய் சொல்கிறவர்களை எந்த வாயால் பொய்யர்கள் என்பது? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பச்சையம்மா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள்.

மருமகன் எதிரில் மாமியார் வாய் திறப்பதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அவள் குரலை அவன் சுவருக்கு இந்தப் பக்கமிருந்துதான் கேட்டிருக்கிறான். இன்றைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக ஆதிநாராயணன் முன்னால் போய் நின்றாள்.

"இன்னாத்துக்குங்க இவுங்க பேச்சக் கேட்டு எழுதினு கீறீங்க? எங்க மருமவன் வேலவெட்டி இல்லாம டயர வெட்டி ஒட்டி என் வூட்ல கொண்டாந்து போட்டாரு. கோழி ஏறிக் குந்துனதோட சரி. அவுரு மனு போட்ட நாள் வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தரும் அதுல கைய வெக்கல."

பிறகு ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பினாள். டயர்ச்சோறு என்று கோபால்சாமி சிரித்த சிரிப்பை அப்படியே சிரித்துக் காட்டினாள். கல்யாணத்துக்குச் சாமை குத்திக் கொடுத்ததே நான்தானே, அதற்குள் மறந்துவிட்டதா என்று பூங்கோதையைக் கேட்டாள். பூங்கோதை வந்த வழியே நழுவினாள்.

சும்மா சொன்னோமுங்க என்று கோபால்சாமி முனகினான். எழுதியதில் கைநாட்டு வைக்க ஒரு ஆளும் வரவில்லை. கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் ஆதிநாராயணன் ஜீப்பில் ஏறினார்.

ஊர் முன்னால் இவ்வளவு கேவலப்பட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் ரங்கசாமி ஒருத்தனாகத்தான் இருப்பான்.

கூட்டம் கலைந்தது. பச்சையம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. பழையபடி வழக்கத்துக்குள் போய்விட்டாள். வாசலில் நின்ற மகளிடம்தான் பேசினாள், அவன் காதில் விழுகிற மாதிரி.

"பாஞ்சாலை, உங்க வூட்டுக்காருகிட்ட சொல்லு. அந்த டயரு பூங்கோதை பொண்ணு கல்யாணத்துக்குச் சுத்தும்போதே தேஞ்சி பூடுச்சி. நானும் எத்தினி நாளு அதையே வெச்சி சந்தைக்கு அரிசி சுத்தறது? வேற ஒட்டித் தரச் சொல்லு. ஊருக்குத் தெரிய வேணாம், டயரு நாத்தம்னு வாங்க மாட்டாங்க."

ரங்கசாமி முதலில் சாலையைத்தான் எட்டிப் பார்த்தான், ஜீப் போய்விட்டதா என்று.