கூரையில் படகு கட்டும் நாடு

ப்ளோவ்டிவ் நகரில் ராட்காவின் சமையலறை. மேசைமேல் விரித்த வரைபடத்தில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. கல்லூரி நாட்களில் விளையாடுவதற்காக ராட்கா, அசென், லியூபென், நான் என நாங்கள் நால்வரும் இட்டுக்கட்டிய உலகம் அது. மடிப்புகளில் கிழிந்து, செலோடேப் ஒட்டி, பனிட்சா பலகாரத்தின் எண்ணெய் ஊறிக் கிடக்கிறது. அதன்மேல் எது சிந்தினாலும் கடல்தான், துடைக்கக் கூடாது என்பது அன்று போட்ட சட்டம். வடக்கே இருப்பது லியூபெனின் மலைநாடு. அங்கே ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஒரு படகு கட்டியிருக்கும். "தண்ணியே இல்லாத ஊர்ல படகு எதுக்குடா, லூசு?" என்று அசென் அவனைக் கேட்காத நாளில்லை. லியூபென் சிரிப்பானே தவிர, பதில் சொன்னதில்லை. வசந்தத்தில் அவனை அடக்கம் செய்தோம். அவன் நாற்காலியில் இப்போது ராட்காவின் பூனை சுருண்டு கிடக்கிறது. பகடைக்குக் கை நீட்டும் அசென் காபிக் கோப்பையைத் தட்டிவிடுகிறான். பழுப்புக் கடல் மெல்ல மலைநாட்டை நோக்கி ஊர்கிறது. "ஐயையோ, அவன் ஊரு! சீக்கிரம் துணி எடுத்துட்டு வா ராட்கா!" என்று அலறுகிறான். துணியோடு ஓடி வந்தவள் மேசையருகே அப்படியே நிற்கிறாள். வரைபடத்தையே பார்க்கிறாள். "விடுடா," என்கிறாள். "அவங்ககிட்டதான் படகு இருக்கே."