காதில் விழாத வசை

துளசிகா காதில் மாட்டியிருந்த வடிகட்டிக் கருவி வசைச்சொற்களை அவள் காதில் விழவிடாது. அதனால் லண்டன் பஸ்ஸில் ஒரு வெள்ளைக்காரன் அவள் முகத்துக்கு நேரே கத்தியபோது, அவன் வாய் அசைந்தது மட்டுமே தெரிந்தது. மற்றவர்கள் தலைகுனிந்ததைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

மறுநாள் காலை இனவெறிப் புகார் மையத்துக்குப் போனாள். பஸ் எண், நேரம், இருக்கை எல்லாம் எழுதி வைத்திருந்தாள். ஆனாலும், தான்தான் பெரிதுபடுத்துகிறோமோ என்ற சந்தேகம் விடவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த, கருவி அணியாத தோழி நிரோஜினியையும் கூட்டிப் போயிருந்தாள்.

“அவர் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?” என்றார் அதிகாரி.

“இல்லை. இவள்தான் கேட்டவள்.”

“உங்கள் காதில் விழாத வசைக்கு நீங்கள் புகார் கொடுக்க முடியாது.”

துளசிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். “நிரோ, அவன் சொன்னதை அப்பிடியே சொல்லடி.”

“என்ர வாயாலயோ? உனக்கு விசரே?”

“சொல்லு. நான் தாங்குவன்.”

நிரோஜினி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். துளசிகா அதிகாரியின் பக்கம் திரும்பினாள். “இப்ப கேட்டிட்டன். பதியுங்கோ,” என்றாள்.

அதிகாரி பதிந்து முடித்து, கையெழுத்துக்காகத் திரையை அவள் பக்கம் திருப்பினார். அந்தச் சொல் எழுத்துப் பிசகாமல் இருந்தது. வசை சொன்னவர் என்ற இடத்தில் நிரோஜினியின் பெயர் இருந்தது.