நடிப்புக்கு மசியாத கேமரா

சியோலில் ஹான் ஆற்றுப் பாலத்தில் புதிதாகப் பொருத்திய கேமராவைச் சோதிக்க, நாடக நடிகன் பில்கூவைக் கூட்டி வந்திருந்தார்கள். ஆற்றில் குதிக்கும் எண்ணத்தோடு மனமுடைந்து நிற்கும் ஆளைக் கண்டால் கேமரா மணியடிக்கும். மீட்புக் குழு ஓடிவரும். காலையிலிருந்து மணி அடிக்கவே இல்லை.

"என்னய்யா, சோகமா நில்லுன்னா பல்வலி வந்தவன் மாதிரி நிக்கிறே?" என்றார் பொறியாளர் மான்ஹோ.

"இதுக்கு மேல சோகம் வேணும்னா, என் போன நாடகத்துக்கு வந்த கூட்டத்தைத்தான் சார் நினைக்கணும்."

"அதையே நினை. இன்னும் மணி அடிக்கலைன்னா வேற நடிகனைப் பாத்துக்குவேன்."

பில்கூ தலையைக் கவிழ்த்தான், பெருமூச்சு விட்டான், குலுங்கிக் குலுங்கி விம்மினான். பார்க்கச் சகிக்காமலோ என்னவோ, மான்ஹோ ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பில்கூ விடவில்லை, இன்னும் விம்மினான்.

மணி அலறியது!

"பாத்தீங்களா சார்! கேமராவே கலங்கிடுச்சு!" என்று துள்ளினான்.

ஓடிவந்த மீட்புக் குழுவினர் அவனைத் தாண்டிப் போய் மான்ஹோவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சார், கேமரா காட்டினது உங்களைத்தான்."

"மெஷின்ல கோளாறு..." என்று மான்ஹோ கையை உருவிக்கொள்ளப் பார்த்தார்.

பில்கூ அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தான். காலையிலிருந்து அவன் வரவழைக்கப் படாதபாடு பட்ட முகம் அது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணே," என்று தோளில் கைபோட்டான். "வாங்க, சூடா சூப்பும் சோறும் சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க. எனக்கு நடிக்கத்தான் வரலை, கேக்க வரும்."