கூடவே வரும் கல்

"அந்தக் கல்லு நம்மளச் சுத்தலைங்க நவாஸ். பாக்கத்தான் அப்படித் தெரியும்" என்றாள் சப்ரீன் டீச்சர்.

ஜெராக்ஸ் மிஷினிலிருந்து சூடாக வந்து விழுந்த படத்தை நவாஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடுவில் சூரியன். அதைச் சுற்றிப் பூமி. பூமியை ஒட்டினாற்போல் ஒரு சின்னச் சிறுகோளின் பாதை. ராஜபாளையத்தில் அவள் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்காக எடுத்த படம்.

அவள் பொறுமையாக விளக்கினாள். அந்தக் கல் சுற்றுவது சூரியனைத்தான். அதன் பாதையும் பூமியின் பாதையும் அடுத்தடுத்து இருப்பதால், இங்கிருந்து பார்த்தால் நம்மையே சுற்றிச் சுற்றி வருவது போல இருக்கும். கொஞ்ச காலம் இப்படிக் கூடவே வரும், பிறகு விலகிப் போய்விடும்.

நவாஸ் தலையை ஆட்டினான். பாதி காதில் ஏறவில்லை. அவன் கவலை அவனுக்கு.

பின்னே என்ன? ராஜபாளையத்தில் ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் கடை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற மாதிரி, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, இவன் கடையில் நாலு தாள் எடுத்துப் போகிறாளே, அது எதற்காம்? அதுவும் வெள்ளிக்கிழமை தவறாமல். வெள்ளிக்கிழமைதான் நவாஸ் ஜும்மாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசமுமாக உட்கார்ந்திருப்பான். மற்ற நாளெல்லாம் மை படிந்த பழைய டீ-சர்ட். ஊரே அவனை அண்ணே என்று கூப்பிடும். இவள் ஒருத்திதான் நவாஸ் என்பாள். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் என்ன விடை வரும், நீங்களே சொல்லுங்கள்.

அவளுக்கு விவாகரத்து ஆனது அவனுக்குத் தெரியும். இந்த ஊர்க் கோர்ட்டில்தான் வழக்கு முடிந்தது. அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவிடம்கூடச் சொல்லி வைத்துவிட்டான். அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவள் பஸ் ஏறிப் போனதும் அடுத்த வெள்ளி எப்போது வரும் என்று மனசு கிடந்து தவிக்கும்.

"ஒண்ணு சொல்லணும் நவாஸ்" என்றாள் அவள், படத்தை மடிக்காமல் பையில் வைத்தபடி. "எங்க ஸ்கூல்லயே மிஷின் வாங்கிட்டாங்க. இனி இங்க வர எனக்கு ஒரு சாக்கும் இல்ல."

சாக்கு என்றாளே! நவாஸுக்கு ஒரே நேரத்தில் பயமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

"டீச்சர், வாரதுக்குச் சாக்கு எதுக்கு? நான் ஒண்ணு கேக்கணும்னு..."

சிவபூஜையில் கரடி புகுந்த கதையாக, எதிர் பள்ளிக்கூடத்து ஹஃப்ஸா உள்ளே வந்தது. அஞ்சாம் வகுப்பு. வெள்ளிக்கிழமையானால் ஆண்டாள் கோயிலுக்குச் சவாரி அதிகம், அதனால் அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போகும் ஆட்டோ தாமதமாகத்தான் வரும். அதுவரைக்கும் இங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். சும்மா உட்காரக் கூச்சமோ என்னவோ, பாடப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் போடச் சொல்லும். நவாஸ் சொல்ல நினைத்ததெல்லாம் வாரா வாரம் தொண்டையிலேயே நின்றுபோனது இந்தப் பிள்ளையால்தான்.

இன்றைக்கும் பெஞ்சில் டீச்சருக்குப் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தது. டீச்சர் பையிலிருந்த படத்தை எடுத்துக் காட்டி, அந்தக் கல்லைப் பற்றித் தணிந்த குரலில் சொன்னாள். இனி இங்கே வரப்போவதில்லை என்பதையும் சொல்லியிருப்பாள் போல, பிள்ளையின் முகம் வாடிப்போனது. பிறகு இரண்டு பேரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நவாஸ் மனசுக்குள் ஆட்டோக்காரனைத் திட்டித் தீர்த்தான்.

ஒருவழியாக வெளியே ஹாரன் கேட்டது. உடனே டீச்சர் வழக்கம்போல முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டு எழுந்து, மிஷின் பக்கம் ஒதுங்கி நின்றாள். ஹாரன் கேட்டதும் அவள் இப்படித் தன் பக்கம் வந்து நிற்பதையும் நவாஸ் தன் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தான்.

ஹஃப்ஸா வாசல்வரை போய், அங்கிருந்து கைகாட்டி அவனைக் கூப்பிட்டது. என்னம்மா என்று எரிச்சலை மறைத்துக்கொண்டு போய்க் குனிந்தான்.

"அண்ணே, எங்கம்மா இனி வரமாட்டாகளாம்" என்றது அவன் காதோடு. அழுகை முட்டியது அதற்கு. "அத்தா வீட்ல அம்மாவப் பாக்கவே விடமாட்டாக. எதாச்சும் சொல்லி வரவைங்கண்ணே."

ஆட்டோ திரும்பித் தெருமுனையில் மறைந்தது. மிஷினுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. நவாஸ் வாசலிலிருந்து உள்ளே வந்தான்.

"டீச்சர்" என்றான். "ஸ்கூல் மிஷின்லலாம் இம்புட்டுத் தெளிவா வராது. வெள்ளிக்கிழமை எப்பவும்போல இங்கயே வந்துருங்க."