குளத்து வளைவு

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் எங்கள் ரயில் ஆர்வலர் கிளப்பின் குட்டி ரயில் ஞாயிறுதோறும் முதல் சுற்றைக் காலியாகத்தான் ஓட வேண்டும். குழந்தைகள் ஏறுமுன் தண்டவாளத்தைச் சோதிக்கும் சுற்று அது. நீராவி எஞ்சினை கிளப் தோழி வினிஃப்ரெட் ஓட்டுவாள். நான் கொடி காட்டி அனுப்புவேன்.

இந்த மே மாதம் குளத்து வளைவில் காலியான கடைசிப் பெட்டி தண்ணீர்ப் பக்கம் சாயத் தொடங்கியது. சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் கழற்றிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. குழந்தைகளோடு போகும்போது சாய்வதும் இல்லை.

“இன்னொரு தடவை சாஞ்சா அந்தப் பெட்டியைக் கழட்டிடுவேன்,” என்றேன்.

“தப்பு உன்மேலதான், கிளைவ்,” என்றாள் வினிஃப்ரெட். “ குழந்தைங்ககிட்ட சொல்றதை முதல் சுத்துல நீ சொல்றதே இல்லையே.”

“காலிப் பெட்டிகிட்டயா? லூசா நீ?”

“சொல்லித்தான் பாரேன். வாய் தேஞ்சா போயிடும்?”

அடுத்த ஞாயிறு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கடைசி இருக்கையிடம் சொன்னேன்: “காலைப் பலகைமேல வைங்க. குளத்தை எட்டிப் பாக்காதீங்க.”

பெட்டி வளைவில் சாயாமல் போனது.

ரயில் திரும்பி வந்து நின்றதும் வினிஃப்ரெட் ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள். கடைசிப் பெட்டியின் ஸ்பிரிங்குகள், ஆள் இறங்கினால் எழுவதுபோல, மெல்ல எழுந்தன. நான் கொடியைச் சுருட்டிக்கொண்டு வழிவிட்டு நின்றேன்.